தந்திகளுக்கிடையே ஒரு மோதிரம்

மோதிரம் ஈரமாக இருந்தது. ஆர்ச்சி போனதிலிருந்து நெவிலின் சட்டைப் பையில், கைக்குட்டைக்குள் சுற்றியே இருந்த மோதிரம். வெளியே ஜனவரி வெயிலில் மன்றத்தின் தகரக் கூரை டிக் டிக்கென்று வெடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியக் கடலோரப் போர்ட் கெம்பிளாவில் இந்தக் கோடையில் மழையைக் கண்டு பல நாளாகிறது. வியர்வைதான் என்று பேன்ட்டில் துடைத்துவிட்டு, திறந்து கிடந்த பியானோவின் தடித்த தந்திகள் இரண்டுக்கு நடுவே அதைச் செருகினான்.

"அது நோரீன் கைக்குப் போக வேண்டியதுடா," என்றான் டிரம்ஸ் வாசிக்கும் ஸ்டாவ்ரோஸ். "பாவம், வெளிய கார்லயே உக்காந்திருக்கா."

"முடிஞ்சதும் குடுத்துடுறேன். உள்ள வந்து கேக்கலாம்ல?"

"அந்த இரும்புக்கடைச் சத்தத்தைக் கல்யாணமான நாள்லேர்ந்து கேட்டாச்சாம். போதுமாம்."

சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டிருந்த பெரில் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். இந்த மாதிரிப் பேச்சுக்கு முதலில் சிரிப்பவன் ஆர்ச்சிதான்.

பியானோ வாசிக்கும்போது விரலில் மோதிரம் இருந்தால் அவனுக்கு ஆகாது. கழற்றி நெவிலிடம் கொடுப்பான், முடிந்ததும் வாங்கிக்கொள்வான். கடைசியாக வாசித்த இரவு வாங்க மறந்துவிட்டான். விடிந்ததும் பாறையில் நின்று தூண்டில் போட்டவனை அலை இழுத்துக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. புதைக்க அவன் மனைவி நோரீனுக்கு இருப்பது அந்த மோதிரம் ஒன்றுதான்.

இவர்கள் நால்வரின் ஜாஸுக்கு ஒத்திகை கிடையாது, மெட்டு கிடையாது. தொடங்குமுன் ஆர்ச்சி உள்ளங்கையை விரித்து நீட்டுவான். பெரில் வீட்டுச் சாவியை வைப்பாள், ஸ்டாவ்ரோஸ் ஒரு கரண்டியை, நெவில் தான் வேலை பார்த்த எஃகு ஆலையின் போல்ட் ஒன்றை. அவற்றை அவன் தந்திகளுக்குள் செருகுவான். பியானோ அதுவரை யாரும் கேட்டிராத குரலில் பேசும். முடிப்பதற்கும் ஒரே விதிதான். ஒருவருடைய பொருள் தந்தியைவிட்டு வெளியே வந்தால் அவருடைய வாசிப்பு முடிந்தது. கடைசியில் மிஞ்சுபவன் ஆர்ச்சி. அதனால் அவன் தனக்கென்று எதையும் வைத்ததில்லை.

இன்றைக்கு ஒருமுறை அவனுக்கும் ஒரு பொருள் வைப்போம் என்றது நெவில்தான். பியானோ முன் யாரும் உட்காரவில்லை. தந்திகளைத் தடுப்பிலிருந்து விடுவிக்கும் கால்மிதியைச் செங்கல்லால் அமுக்கிவைத்தார்கள். மற்ற மூவரின் ஒலிக்குத் தந்திகள் தாமாகவே முனகட்டும்.

முனகின. பெரில் ஊதிய நீண்ட மூச்சு கூரையைத் தொட்டுத் திரும்பி வந்து சாவியை நடுங்கவைத்தது, ஸ்டாவ்ரோஸின் கம்பித் தூரிகைகள் டிரம்ஸின் வெண்கலத் தட்டில் உரச கரண்டி கிணுகிணுத்தது, அவற்றுக்கெல்லாம் அடியில், நெவில் தன் ஆளுயரத் தந்தி வாத்தியமான பேஸின் அடித்தந்தியை இழுத்துவிடும்போதெல்லாம் மோதிரம் மெல்ல இரைந்தது, தூங்குகிறவன் மூச்சைப் போல. கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

பெரில் எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பிறகு ஸ்டாவ்ரோஸ் கரண்டியை எடுத்தான். போகிறபோக்கில் நெவிலின் தோளைத் தொட்டு, "சீக்கிரம் முடிடா. அவ காத்திருக்கா," என்றான்.

முடித்திருக்கலாம். போல்ட்டையும் மோதிரத்தையும் எடுத்தால் தீர்ந்தது. எடுத்தால் ஆர்ச்சியும் தீர்ந்தான்.

இன்னும் ஒரே ஒரு முறை இழுத்தான். மோதிரம் பதில் சொன்னது. கொஞ்சம் தாமதமாக. ஆர்ச்சி எப்போதும் வருவதைப் போல, அந்தச் சோம்பேறித் தாமதத்தோடு.

நெவில் கையை எடுத்தான். மோதிரம் மறுபடி இரைந்தது.

கடற்பாசி வாடை. தூண்டிலில் குத்தி வெயிலில் காய்ந்த இறாலின் வாடை. பியானோவுக்கு அடியில் ஏதோ சொட்டியது. செங்கல் நனைந்து கறுத்திருந்தது.

ஓடியிருக்க வேண்டும். அவனோ அடித்தந்தியை மறுபடி இழுத்து, "வாடா," என்றான். "வந்து வாங்கிக்கடா."

தந்திகளுக்கிடையிலிருந்து ஒரு கை வந்தது.

வெளுத்து ஊதிய கை. நகங்கள் இல்லை. மோதிரத்தைத் தடவியது. எடுக்கவில்லை. நகர்ந்தது. தேடியது.

போல்ட்டைப் பிடித்தது.

உருவியது.

நெவில் பேஸை இழுத்தான். தந்தி துடித்தது. சத்தம் இல்லை. மறுபடி இழுத்தான். விரல் கிழிந்தது. சத்தம் இல்லை.

வாசலிலிருந்து பெரிலின் குரல்: "ஏன் நிறுத்திட்டே? நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு."

வாயைத் திறந்தான். அதிலும் எதுவும் வரவில்லை.

வெளியே காரின் கதவு சாத்தப்பட்டது. நோரீனின் காலடி மரப்படிகளில் ஏறி வந்தது. ஒவ்வோர் அடிக்கும் மோதிரம் இரைந்தது.

தந்திகளின்மேல் அந்தக் கை திரும்பிப் படுத்தது. விரல்களை விரித்து, தொடங்குமுன் நீட்டுவதைப் போல, உள்ளங்கையை வாசல் பக்கம் நீட்டியது.