முந்நூற்று அறுபத்து நான்காவது படி

"எனக்கு போன்தான் வேணும் பாவா."

"போன் எதுக்கு கனி? வாட்ச்னா உன் நாடி, நடை, தூக்கம் எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்."

"இருக்கிற போன்ல கீழ்ப்பக்கம் கண்ணாடி செத்துப் போச்சி. யார்னா கூப்ட்டா எடுக்க முடியல. நானா ஒரு நம்பர் போட முடியல."

"அதான் நானும் சொல்றேன். நீ எடுக்கலன்னா எனக்கு அங்க கையும் ஓடல, காலும் ஓடல. வாட்ச் கட்டிகினா உன் நெஞ்சு துடிக்கிறத என் போன்லயே பாத்துட்டு நிம்மதியா வேலை செய்வேன்."

"போன்னா நான் ஒருத்தர கூப்டலாம் பாவா. வாட்ச்னா மத்தவங்கதான் என்னை கூப்டுவாங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

"ஐய, எப்படி பேசுறா பாரு!" என்று சந்திரமோகன் சிரித்தான். சிரித்துவிட்டு மறுநாளே வாட்ச்சை வாங்கி வந்துவிட்டான்.

மூன்று வாரமாகியும் அந்தச் சிரிப்பை நினைத்தால் கனிமொழிக்குக் காது சூடானது. அத்தை மகன், ஆசையாகக் கட்டிக்கொண்டவன், கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிள்ளை தங்கியிருக்கிறதே என்று உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறவன், எல்லாம் சரிதான். ஆனால் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதில் வாங்காமல் போகிறவனை என்ன செய்வது? வாங்கியதும் புதிது இல்லை. பஜாரில் நாகேந்திரன் கடையில் யாரோ கட்டிக் கழற்றிய பழைய வாட்ச். வளையல் மாதிரி இருக்கும் என்று பட்டையை வேறு எஃகுச் சங்கிலியாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தான்.

முதல் நாள் கட்டியபோதே அது அவளை வேறு பேர் சொல்லித்தான் கூப்பிட்டது. 'வணக்கம் கோமளவல்லி' என்று கொட்டை கொட்டையாகத் தமிழில் எழுத்துகள். அழித்துவிட்டு 'கனிமொழி' என்று போட்டான் சந்திரமோகன். மறுநாள் காலையில் மறுபடியும் கோமளவல்லி. எரிச்சலில் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். அலமாரியில் சும்மா கிடந்த வாட்ச், அன்று சாயங்காலம் '364 படிகள்' என்று காட்டியது. அதன் கீழே சின்னதாக இன்னொரு வரி இருந்தது. 'நிலுவையில் உள்ள கோரிக்கை: 1.' தொட்டுப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு.

அடுத்த நாளும் 364. அதற்கடுத்த நாளும். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

முந்தாநாள் பொறுக்க முடியாமல், ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து நாகேந்திரன் கடைக்கே போனாள்.

"ஸ்டெப்ஸுன்றத படின்னு போட்டுகிறான்க்கா. மெஷின் தமிழு, அப்டித்தான் இருக்கும்" என்றான் அவன், வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

"அது இருக்கட்டும். யாரு இந்த கோமளவல்லி?"

நாகேந்திரன் பக்கத்துக் கடையைப் பார்த்தான். "பழைய ஆளுக்கா. அவங்க புள்ள பெங்களூர்லர்ந்து வாங்கிக் குடுத்ததாம். போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மலையேற சொல்ல, பாவம், கூட்டத்துல வுழுந்துட்டாங்களாம். முந்நூத்தி அறுபத்தஞ்சு படில ஒரு படிதான் பாக்கியாம். கை குடுக்க ஆளில்ல." பிறகு அவசரமாக, "நல்லா தொடச்சிட்டுதான்க்கா வித்தேன்" என்றான்.

"திருப்பி எடுத்துக்கோ. ஒரு போன் குடு."

"அண்ணன் வந்து சொல்லட்டும்க்கா."

அண்ணன் வந்து சொல்லட்டுமாம். கட்டிக்கொள்கிற கை யாருடையது? வீட்டுக்கு வந்து சந்திரமோகனிடம் சொன்னபோது அவன் அவள் தலையைத் தடவினான். "செத்தவங்க பேரு இருந்தா என்ன கனி? நாளைக்கி மறுநாள் ஆடிக் கிருத்திகை. எனக்கு அரக்கோணத்துல ஸ்பெஷல் ட்ரெயின் டூட்டி, நாள் முழுக்க நிக்கணும். அன்னிக்கி ஒரு நாள் மட்டும் கட்டிக்கோ. அப்புறம் நானே கூட்டிகினு போயி போன் வாங்கித் தரேன். சத்தியமா."

அந்தச் சத்தியத்துக்காகத்தான் இன்று காலை அதைக் கட்டிக்கொண்டாள்.

*

பகல் பதினோரு மணிக்குக் கீழ் வீட்டுக் கோவிந்தம்மாள், வீட்டுக்காரம்மா, பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக வாசலில் நின்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அவள் குடும்பம் மொத்தமும் மலைக்குக் கிளம்பிவிட்டிருந்தது.

"ஏ கனி! கதவ சாத்திக்கோ, நாங்க வர சாயந்தரமாவும். ஏம்மா, புள்ளத்தாச்சி பொண்ணு, தெனம் குனிஞ்சி குனிஞ்சி படிக்கெல்லாம் மஞ்ச வெச்சிகினு இருக்கியே, முதுகு என்னாத்துக்காவும்? நம்ம வீட்டு மாடிப்படிய மலைப்படியா ஆக்கிட்ட போ!"

கனிமொழி கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். "நீங்கதானேம்மா வெக்கிறீங்க?"

"ஆங்? என் முட்டிக்கி நானு எங்க குனியறது? நல்லா கதை சொன்ன!" ஆட்டோ ஹாரன் அடித்தது. கோவிந்தம்மாள் சிரித்துக்கொண்டே ஏறப் போனவள், திரும்பி ஒரு வார்த்தை சொன்னாள். "வெச்சதுதான் வெச்ச, மேல் படிய மட்டும் ஏன் வுட்டுட்ட?"

ஆட்டோ போய்விட்டது.

கனிமொழி படிகளைப் பார்த்தாள். வீட்டுக்கு வெளியே ஏறும் சிமென்ட் படிக்கட்டு, மொத்தம் பதினேழு. மலைக்கு நேர்ந்துகொண்டவர்கள் ஒவ்வொரு படியாகக் குனிந்து மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் கொளுத்திக்கொண்டு ஏறுவார்களே, அதே மாதிரி ஒவ்வொன்றிலும் மூன்று விரல் மஞ்சளும் நடுவில் குங்குமமும். ஆடி மாதம், வீட்டுக்காரம்மா பக்திக்காரி என்று அவள் நினைத்திருந்தாள். மேலே குடியிருப்பவள் வைக்கிறாள் என்று வீட்டுக்காரம்மா நினைத்திருந்தாள். பதினாறு படியில் பொட்டு இருந்தது. அவள் நின்றுகொண்டிருந்த பதினேழாவது படி வெறுமையாக இருந்தது.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. கையிலிருந்த வாட்ச்சைப் பார்த்தாள். 'படிகள்: 112.' காலையிலிருந்து அவள் தையல் மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். 'இதயத் துடிப்பு: 0.'

"சனியன்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொக்கியைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. ஏழாம் மாதத்துக் கை, மதியத்துக்கு மேல் எப்போதும் நீர் கோத்துக் கொழுக்கட்டை மாதிரி ஆகிவிடும். இன்று முன்பே வீங்கிவிட்டது. சங்கிலி சதைக்குள் பதிந்திருந்தது. சோப்புத் தண்ணீர் போட்டாள், எண்ணெய் போட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள், துணி வெட்டும் பெரிய கத்தரியை நுழைத்தாள். கத்தரி வாய்தான் மழுங்கியது. மணிக்கட்டில் ரத்தம் துளிர்த்தது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஒரு போன், ஒரு நல்ல போன் இருந்தால் இந்நேரம் நாலு பேரைக் கூப்பிட்டிருக்கலாம்.

இரண்டரை மணிக்கு மேல் தெருவே அடங்கிப்போனது. உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் மலையில். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் ஆடிக் காற்று மட்டும் வேப்பமரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்க, மலைப் பக்கமிருந்து பம்பை ஒலியும் ஆயிரம் தொண்டைகளின் 'அரோகரா'வும் காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது வீட்டுக்குள் வந்து நிறைந்து, திரும்பிப் போகும்போது பின்னால் ஒரு பெரிய மௌனத்தை விட்டுவிட்டுப் போயின. அந்த மௌனத்தில் சுவர்க் கடிகாரம் கேட்டது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. அவள் மணிக்கட்டு ஒரு தரம் அதிர்ந்தது, பிறகு நிதானமாக இன்னொரு தரம், யாரோ மூச்சு வாங்கி நின்று நின்று நடக்கிற இடைவெளியில்.

290. 291.

கற்பூர வாசனை வந்தது.

முதலில் மலையிலிருந்து வருகிறது என்றுதான் நினைத்தாள். ஆனால் காற்று எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. வாசனையில் கற்பூரம் மட்டும் இல்லை. ஈர மஞ்சளும், வியர்வையில் நனைந்து காய்ந்த துணியும், வாடிய கதம்பமும் கலந்து, நெரிசலில் யாரோ ஒருவர் மேலே சாய்ந்தால் மூக்கில் ஏறும் அந்த வாசனை.

330.

போன் அலறியது. சந்திரமோகன். திரையில் அவன் சிரிக்கும் படம், அதன் கீழே, செத்துப்போன கண்ணாடிக்குள், எடுப்பதற்கான பச்சை வட்டம். விரலால் தேய்த்தாள். நகத்தால் கீறினாள். உள்ளங்கையால் அறைந்தாள். "எடுத்துட்டேன் பாவா, எடுத்துட்டேன், பேசு" என்று கெஞ்சினாள். முழு மணியும் அடித்து ஓய்ந்தது. உடனே ஒரு செய்தி வந்து விழுந்தது.

'கனி, உன் துடிப்பு ஜீரோன்னு காட்டுது. வாட்ச்ச கழட்டிட்டியா? ஏன் சொன்னா கேக்க மாட்ற?'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றது.

348.

கீழே இரும்பு கேட் கிறீச்சிட்டது.

"கோவிந்தம்மா?" என்றாள். "யாரு? யார் அது கீழ?"

மணிக்கட்டு அதிர்ந்தது, அதே கணம் முதல் படியில் ஒரு பாதம் விழுந்தது. பொத். ஈரத்துணியைத் தரையில் போட்ட மாதிரி. பிறகு சிமென்ட்டில் விரல்கள் தேயும் சத்தம். மஞ்சள் தடவுகிறார்கள். தீக்குச்சி உரசல். மூச்சு. நீண்ட, இழுத்து இழுத்து விடும் மூச்சு.

349.

கனிமொழி எழுந்து ஓடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். நாற்காலியை இழுத்துச் சார்த்தினாள். கதவில் முதுகை வைத்து நின்றாள். வயிற்றுக்குள் பிள்ளை ஒருமுறை புரண்டு, பிறகு அசையாமல் இறுகிக்கொண்டது.

353. பொத். தேய்ப்பு. உரசல். மூச்சு.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். "வாட்ச் நான் கேக்கல. நான் போன்தான் கேட்டேன். சத்தியமா போன்தான் கேட்டேன்."

358.

கதவின் கீழ் இடுக்கில் கற்பூரப் புகை நுழைந்தது.

361.

மூச்சு இப்போது மிக அருகில். மூச்சல்ல. நசுங்கிய தொண்டையில் காற்று ஊதும் விசில்.

363.

364.

நின்றது.

மலையில் மேளம் நின்றது. குழாய் சொட்டுவது நின்றது. வாட்ச் மட்டும் ஒளிர்ந்தது. 'நிலுவையில் உள்ள கோரிக்கை: 1. ஏற்கவா? மறுக்கவா?'

மறுக்க. வலது கையால் அழுத்தினாள். மறுக்க. மறுக்க. எழுத்து மாறவில்லை.

இடது கை எழுந்தது.

அவள் எழுப்பவில்லை. வீங்கிய, எண்ணெயும் ரத்தமும் பூசிய அந்தக் கை தானாக எழுந்தது. நாற்காலியைத் தள்ளியது. வலது கையால் அதைப் பிடித்து இழுத்தாள். குழந்தையின் கையைத் தட்டிவிடுவது மாதிரி அது உதறிக்கொண்டது. தாழ்ப்பாளைத் தொட்டது.

"வேணாம்" என்றாள். தன் கையிடமே.

தாழ்ப்பாள் விலகியது.

நல்ல பகல் வெளிச்சம். படிக்கட்டு முழுக்கக் கற்பூரச் சுடர்கள், காற்றில் ஆடாமல் நேராக நின்றன. பதினாறாவது படியில் ஓர் உருவம் இரண்டாக மடங்கிக் குனிந்திருந்தது. மஞ்சள் புடவை. முதுகு முழுக்க ஆட்களின் பாதத் தடங்கள், மண்ணாக, வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக. தலை நிமிரவில்லை. நிமிர முடியாதபடி கழுத்து பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கை மட்டும் மேலே நீண்டிருந்தது. விரல் முட்டி வரை மஞ்சள்.

அவள் கால்கள் பதினேழாவது படியின் விளிம்புக்கு வந்தன. இடது கை கீழே நீண்டது. பாவம், ஒரே ஒரு படி. தூக்கிவிட்டால் போய்விடும். தூக்கிவிட்டால் போதும். அப்படித்தான் நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால் வயிற்றை அணைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, அந்தக் குளிர்ந்த விரல்களை அவளே இறுகப் பற்றினாள்.

எடை ஏறவில்லை. கீழே இழுத்தது.

மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது. '363.'

உருவத்தின் தலை மெல்ல, மண் உதிர, அவள் வயிற்றின் பக்கம் திரும்பியது. ஒரு வருடமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்த குரல் கடைசியாக வெளியே வந்தது.

"மூச்சு முட்டுது கண்ணு. என்னால ஏற முடியாது. நீ எறங்கி வா."