மேற்படி

மகளுக்குக் காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் சாயங்காலம், அவள் கட்டில் விளிம்பில் உட்காரப் போனவனுக்கு உட்கார இடம் போதவில்லை. ஏழு வயது வாண்டு சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள். மெத்தையில் முக்கால்வாசி காலி. ஆனாலும் இடுப்பை வைத்ததும் பக்கவாட்டில் ஏதோ நெருக்கியது, மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாகச் செருகிக்கொண்டதுபோல. வேலை அலுப்பு என்று நினைத்து எழுந்துகொண்டான்.

அலுப்பும் எரிச்சலும் அவனுக்குப் புதிதல்ல. குளிர்பதனக் கிடங்கில் வெப்பநிலைப் பதிவேடு எழுதுகிறவன். மணிக்கொரு தரம் உள்ளே போய்ப் பார்த்து எழுத வேண்டும். முதல் வரியை மட்டும் ஒழுங்காக எழுதிவிட்டு, அதற்குக் கீழே வரிசையாக 'மேற்படி' போட்டுத் தள்ளுவான். பதினாறு வருஷப் பழக்கம். ரத்த அழுத்தம் ஏறிப்போய் டாக்டரிடம் போனபோது, அவர் மாத்திரையோடு ஒரு வேலையும் கொடுத்தார். தினமும் மூன்றே வரி நாட்குறிப்பு எழுத வேண்டும், பல் தேய்க்கிற நேரம்தான் ஆகும், மனசு லேசாகிவிடும் என்றார். இவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயும் எழுது, வீட்டுக்கு வந்தும் எழுது.

முதல் நாள் எழுதினான்: 'மகளுக்குக் காய்ச்சல். குழாய் ஒழுகுகிறது. கட்டில் ஓரத்தில் யாரோ வந்து உட்கார்ந்திருப்பதாக உளறுகிறாள்.' மறுநாள் நோட்டைத் திறந்ததும் கை தானாக 'மேற்படி' போட்டது. இரண்டு நொடி. அதற்கடுத்த நாளும் அதுவே, நேற்றும் அதுவே. இந்தச் சுலபமான காரியத்துக்கா அந்த மனுஷர் அவ்வளவு பேசினார் என்று இளக்காரமாகக்கூட இருந்தது.

காய்ச்சல்தான் இறங்கவில்லை. தினமும் நூற்றொன்று, கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. குழாய்க்காரர் இரண்டு தடவை வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போன பிறகும், அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் சொட்டுச் சொட்டென்று அதே சத்தம், அறைக்குள் காயாத துணியின் அதே வாடை. நடுவில் நகர்ந்து படுக்கச் சொல்லி மனைவி கெஞ்சினாள், அதட்டினாள், கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். வாண்டு சுவரை விட்டு நகரவே இல்லை.

"நாலு பேர் ஆயிட்டாங்கப்பா," என்றாள் இப்போது. "தினம் ஒருத்தர் வராங்க. இனிமே நகர எனக்கு எடமில்ல."

அவன் மெத்தையைப் பார்த்தான். விரிப்பில் வரிசையாக நாலு பள்ளம். உள்ளங்கையால் தொட்டான். கிடங்கின் உள்ளறைக் கதவைத் திறந்தாற்போலச் சில்லிட்டது.

நாலு பள்ளம். நோட்டில் நாலு நாள்.

ஓடினான். சாப்பாட்டு மேஜையில் நோட்டு. பேனாவைத் தொட்டதுமே பாழாய்ப்போன கை 'மே' என்று ஆரம்பித்துவிட்டது. அறையில் கட்டில் கிரீச்சிட்டது. காகிதம் கிழியும்படி அதை அடித்தான். டாக்டர்மேல் கோபம், நோட்டின்மேல் கோபம், எல்லாவற்றையும்விடத் தன்மேல். யோசிக்க நேரமில்லை. ஒரே வரி. 'கட்டிலில் இருந்த எல்லோரும் போய்விட்டார்கள்.'

திரும்பி ஓடினான். அறை வாசலில் நின்றான்.

முதல் பள்ளம் எழும்பியது. இரண்டாவது. மூன்று. நாலு.

விரிப்பு சமமானது. குளிர் விட்டது. குழாய்ச் சத்தம்கூட இல்லை. பயம் வடிந்து அவனுக்கு அழுகையே வந்தது.

"போய்ட்டாங்கடா கண்ணு. இனிமே நல்லா கால நீட்டிப் படு."

வாண்டு தலையோடு இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"தூங்கிட்டாளா?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

போர்வை அசைந்தது. தோள் இருந்த இடம் தாழ்ந்தது. அப்புறம் இடுப்பு. முழங்கால்.

தட்டையாகப் படிந்தது.

சுவர் ஓரத்தில், போர்வைக்கு அடியில், சின்னதாக ஒரு பள்ளம் மெல்ல மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது.