வராத மீன்

பங்குனி பிறந்துவிட்டால் புதுத்துறையில் யாரும் யாரையும் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பதில்லை. “உங்க மீன் வந்துட்டா?” என்றுதான் கேட்பார்கள். வந்துவிட்டது என்றால் பேச்சு அதன் உடம்புக்குப் போகும். போன வருஷத்தைவிடச் சதை போட்டிருக்கிறதா, வாலில் கிழிசல் ஏதும் உண்டா, கண் தெளிவாக இருக்கிறதா என்று. வரவில்லை என்றால் கேட்டவர் முகத்தில் ஓர் அனுதாபம் படரும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அதற்கடியில் ஒரு நிம்மதியும் தெரியும். நம் மீன் வந்துவிட்டதே!

பெயரைப் பார்த்துக் கடற்கரை ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்து ஒரு தேசத்தையே கடந்து இறங்க வேண்டும். மணப்பாட்டுக்குத் தெற்கே சில மீனவ ஊர்களைக் கடல் எடுத்துக்கொண்டபோது, மீனோடு பழகிய ஜனங்களாயிற்றே என்று அரசாங்கம் இரக்கப்பட்டு, இமயமலையில் ஓர் ஆற்றங்கரையைக் கொடுத்தது. குடும்பம் குட்டி, மாதா சுரூபம், மடித்து வைத்த வலை எல்லாவற்றோடும் வந்து இறங்கிய பிறகுதான், அந்த ஆற்றில் மீன் பிடிக்கக் கூடாது என்ற சட்டத்தைச் சொன்னது.

ஆற்றில் இருந்தது பனிக்கெண்டை. உலகத்தில் வேறெங்கும் மிச்சமில்லாத ஜாதி. பனி உருகி வரும் தண்ணீரில்தான் உயிர் வாழும். பனியோ அதைவிட அரிதாகிவிட்டது. மலைச்சரிவில் எஞ்சியிருந்த பனியை வெயில் தின்றுவிடாமல் வெள்ளைப் போர்வைகளால் மூடி வைத்திருந்தார்கள். வசந்தம் முற்றியதும் இயந்திரங்கள் அந்தப் போர்வைகளைச் சுருட்டும். அப்போது ஆற்றில் புதுநீர் இறங்கும். அந்த நீர் எத்தனை மீனுக்கும் எத்தனை வீட்டுக்கும் தாங்கும் என்று காப்பகத்தார் கணக்குப் போட்டு, ‘ஒரு மீனுக்கு ஒரு வீடு’ என்று விதி வைத்தார்கள். வீட்டுக்கொரு மீன் பொறுப்பு. அதன் செவுளுக்குள் அடையாளத்துக்காகக் கடுகளவு செவுள்மணி பதித்திருக்கும். வசந்தத்தில் அந்த மீன் படித்துறைக்கு வந்து, அங்கே நிற்கும் ‘எண்ணி’ என்ற இயந்திரத்தின் முன் தலைகாட்ட வேண்டும். இரண்டு வசந்தம் தலைகாட்டாத மீனின் வீட்டார் மலையிறங்க வேண்டும்.

தலைகாட்ட வைக்க நம் ஜனங்கள் கண்டுபிடித்த வழி சோறு. தொழிற்சாலைக் கருவாட்டுத் தூளைப் போட்டுப் பிசைந்து, உருட்டி, வேளாவேளைக்குப் படித்துறையில் போட்டார்கள். மீன்களும் மாமியார் வீட்டில் டேரா போட்ட மாப்பிள்ளைகளைப் போல அந்த இடத்தைவிட்டு நகராமல் வாய் பிளந்து கிடந்தன. அந்தக் காலத்தில் புதுநீர் வந்ததும் அவை ஓட்டத்தை எதிர்த்து மேலேறி, பனியடிச் சுனைகளின் கூழாங்கல்லில் முட்டையிட்டுவிட்டு இறங்குமாம். அதற்காகவே சுனைப்பக்கம் மனிதரோ இயந்திரமோ காலெடுத்து வைக்கக் கூடாத தூய மண்டலம் என்று வேலி போட்டிருந்தார்கள். வேலி பத்திரமாக இருந்தது. மேலேறத்தான் மீன் இல்லை. படியில் சோறு கிடைக்கும்போது எந்த மீன் பாறையில் மூக்கை உரசிக்கொண்டு ஏறும்?

இதில் ஏதோ கோளாறு என்று யாருக்கும் தோன்றவில்லை. கடல்காரர்களுக்கு முட்டையைப் பற்றிக் கவலைப்பட்டுப் பழக்கம் கிடையாது. மீன் கடலுக்குள் எங்கே போய் முட்டையிட்டது என்று எந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்? கரைக்கு வந்தது கணக்கு, வராதது கடலின் பாடு. மீன் மூத்துச் செத்தால், வீட்டுக்காரர் எண்ணியின் முன்னால் நின்று, “என் மீன் இறந்துவிட்டது” என்று வாயால் சொல்ல வேண்டும். காப்பகத்தின் கூடத்திலிருந்து புதுக்குஞ்சு வந்து சேரும். எண்ணிக்கை குறையவே குறையாது.

இப்படிப்பட்ட ஊரில்தான் அமலோற்பவத்தின் மீன் இரண்டாவது வசந்தமாக வராமல் இருந்தது.

அது ஆரம்பத்திலிருந்தே ஒரு மாதிரியான மீன். சோற்றுருண்டையை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். எலும்பும் தோலுமாக இருந்ததால் தெருவில் அதற்கு ‘மெலிஞ்சி’ என்று பெயர். “வளக்கிறவளப் போலத்தான வளரும்” என்று எதிர்வீட்டுப் பிரகாசி நாலு பேர் காதில் விழச் சொன்னதும் உண்டு. பிரகாசியின் மீன் ராணி, பூசணிக்காய்க்குத் துடுப்பு வைத்த மாதிரி இருக்கும். வசந்தப்பிடி அன்று அதைக் கைவலையில் தூக்கிக் காட்ட அவள் புருஷன் போதாமல் கொழுந்தனும் கைகொடுக்க வேண்டியிருந்தது.

வசந்தப்பிடி என்பது பெரிய திருநாள். சாமியார் வந்து ஜெபம் சொல்லி ஆற்றை மந்திரிப்பார். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் மீனைச் சோறு காட்டிக் கூப்பிட்டு, வலையில் ஏந்தி, எண்ணியிடம் காட்டிவிட்டு, மறுபடி தண்ணீரில் விடுவார்கள். கடலில் சுறாவோடு மல்லுக்கட்டிய வம்சம் அன்று இதைத்தான் மீன்பிடித்தல் என்று சொல்லிக்கொண்டது.

அந்த வருஷம் எல்லோரும் காட்டி முடித்து வீட்டுக்குப் போன பிறகும் அமலோற்பவம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். பிரகாசிக்கு மனசு கேட்கவில்லை. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“மதினி, இன்னுமா நிக்கிய? கால் மரத்துப் போகும். வந்தா எண்ணி சத்தம் போடாதா?”

“நான் இல்லாத நேரம் பாத்து வந்து, ஆளக் காணமேன்னு திரும்பிப் போயிட்டா?”

“அது என்ன சம்பந்தி வீட்டு ஆளா, கோவிச்சிக்கிட்டுப் போக?”

ஊர்த்தலைவர் கஸ்பாரும் படியிறங்கி வந்தார். நல்ல மனிதர். எந்தச் சங்கடத்தையும் ஒரு வார்த்தையில் முடித்துவைக்க முடியும் என்று நம்புகிறவர்.

“அமலோற்பவம், நான் சொல்லுதத கேளு. செத்துட்டுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. புதுக்குஞ்சு வந்துரும். வீடும் உனக்கு நிக்கும்.”

“செத்தத நீங்க பாத்தியளாண்ணே?”

“ரெண்டு வருஷமா வரலைன்னா என்ன அர்த்தம்?”

“வரலைன்னு அர்த்தம்.”

“மீனுக்கு என்ன மதினி, கேக்கவா போகுது?” என்றாள் பிரகாசி. “சொல்லிட்டு வந்து கஞ்சியக் குடிங்க.”

அமலோற்பவம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். “ஒருக்கா சொன்னேன் பிரகாசி. சொன்ன அன்னைக்கே தேடுறத நிப்பாட்டிட்டாங்க.”

பிரகாசி கம்பளியை அவள் தோளில் போட்டுவிட்டுக் கஸ்பாரோடு படியேறினாள். அவர்களுக்கும் தெரிந்த கதைதான். அமலோற்பவத்தின் ஒரே மகன் மிக்கேல் மலையில் போர்வைக்காரனாக இருந்தான். கிழிந்த போர்வைகளைத் தைப்பது அவன் வேலை. ஒரு மாசியில் சரிவு இடிந்ததில் அவன் காணாமல் போனான். தேடும் பறவைகள் என்ற சின்னச் சின்ன இயந்திரங்கள் அந்தச் சரிவுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தவரை அங்கே போர்வை விரிக்க முடியாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பனி உருகிக்கொண்டிருந்தது, மீன்களுக்கு ஆபத்து. “என் மகன் இறந்துவிட்டான்” என்று தாய் சொன்னால் பறவைகளைத் திருப்பி அழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஊரும் சொல்லச் சொல்லிற்று. சொன்னாள். போர்வையை விரித்தார்கள். வசந்தத்தில் சுருட்டியபோது, ஒரு பாறைக் குகைக்குள் மிக்கேல் உட்கார்ந்த நிலையில் இருந்தான். பக்கத்தில் சாப்பாட்டுப் பொட்டலங்கள் எல்லாம் காலி. கடைசிப் பொட்டலத்தில் மட்டும் பாதியை மடித்து, நாளைக்கென்று வைத்திருந்தான்.

அவனை அடக்கம் செய்த இடம் கோயிலுக்குப் பின்னால், ஆறு தெரியும் மேட்டில் இருந்தது. அமலோற்பவத்துக்கு மலையில் இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. ஒரு பொய்யைச் சொன்னால் மகன் பக்கத்திலேயே இருக்கலாம். சொல்லியே ஆக வேண்டிய கடைசிச் சாயங்காலம் எண்ணி தன் மரியாதை குறையாத குரலில் கேட்டது:

“அமலோற்பவம் அம்மாள் அவர்களே, தங்கள் மீனின் நிலையைத் தெரிவிக்கவும். இறந்ததா? வரவில்லையா?”

“எங்கயோ இருக்கு.”

“மன்னிக்கவும். ‘எங்கேயோ’ என்பது எண்ணிக்கையில் வராது.”

“அப்ப வரலைன்னு வச்சிக்கோ.”

எண்ணி அப்படியே வைத்துக்கொண்டது. பின்னால் நின்ற பிரகாசி தலையில் அடித்துக்கொண்டாள். பிடிவாதம் பிடித்தவள், ஒரு மீனுக்காக இருக்கிற இடத்தை விடுகிறாளே என்று தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டே அவளுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தார்கள். அழுதுகொண்டே தொங்குவண்டியில் ஏற்றிவிட்டார்கள். அந்த ஊரில் ஈவிரக்கம் இல்லாதவர் என்று யாரையும் சொல்ல முடியாது.

தொங்குவண்டி மலையிறங்கிய நேரத்தில் மெலிஞ்சி எங்கே இருந்தது என்று ஊருக்குத் தெரியாது, எண்ணிக்கும் தெரியாது. அது தூய மண்டலத்துக்குள், பனியடிச் சுனையில் இருந்தது. பதிவு, மணி என்று எதற்குள்ளும் எந்த நாளும் அகப்படாத கிழட்டு ஆண்மீன் ஒன்று அங்கே அதற்குத் துணையாக இருந்தது. மெலிஞ்சி கூழாங்கல்லைத் துடுப்பால் ஒதுக்கிக் குழி பறித்து, போன வருஷம் போலவே முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் மீன் செய்ய வேண்டிய வேலையைச் செய்த ஒரே மீன் அதுதான்.

அடுத்த வசந்தம் போர்வையைச் சுருட்டியதும், புதுநீரோடு விரல் நீள மீன்கள் கூட்டங்கூட்டமாகப் படித்துறைக்கு இறங்கி வந்தன. வெள்ளிக்காசை வாரி இறைத்த மாதிரி தண்ணீர் பளபளத்தது. சோற்றை வீசினால் சீண்டவில்லை. நீரோட்டத்தில் தாமே எதையோ பிடித்துத் தின்றன. ஊரே படியில் கூடிவிட்டது. எண்ணி ஒரு தடவைகூட மணியடிக்கவில்லை.

“ஏ எண்ணி, இதெல்லாம் என்ன மீனு?” என்று கேட்டார் கஸ்பார்.

“செவுள்மணி இல்லை. பதிவில்லாத அயல் மீன்கள்.”

“மேல இருந்துல்லா வருது? பாத்தா நம்ம கெண்டை மாதிரிதான் இருக்கு.”

“மேலே நமது மீன் எதுவும் இருப்பதாகக் கணக்கில்லை. ஆகவே மேலேயிருந்து வருவது நமது மீன் அல்ல. பனிக்கெண்டைகளின் பாதுகாப்பை முன்னிட்டு, இவற்றை முழுமையாக அகற்றி அழிக்கவும்.”

கூட்டத்தில் ஒருத்தர், “அமலோற்பவம் மட்டும் இங்க இருந்திருந்தா, எம்மீனு பெத்த பிள்ளையளுன்னு குறுக்க விழுந்து மறிச்சிருப்பா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிரகாசிதான் அதிகமாகச் சிரித்தாள், சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எப்படி அழிப்பது என்று எண்ணி சொல்லவில்லை. அதை நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. பெட்டிக்கடியில் கிடந்த வீச்சு வலைகள் வெளியே வந்தன. ஒரு தலைமுறையாகக் கைவலையில் சோற்று மீனை ஏந்திக் காட்டிக்கொண்டிருந்த ஆண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, வலையைத் தோளில் மடித்து வீசினார்கள். வட்டம் விரிந்து விழுந்த அழகைப் பார்த்துக் கஸ்பார் வாய்விட்டு அழுதார். “மறக்கலவே, கை மறக்கல!” என்று கத்தினார். தெருவெல்லாம் பொரிக்கிற வாசம். தின்றது போக மிஞ்சியதை உப்புப் போட்டுப் பாறையில் காயவைத்தார்கள். கோயில் மணி அடித்தது. பள்ளத்தாக்குக்கு வந்த பிறகு அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறில்லை.

காப்பகத்தின் அந்த வருஷத்து அறிக்கை மிகவும் திருப்திகரமாக இருந்தது. பதிவு பெற்ற மீன்கள் அனைத்தும் வந்துள்ளன, உடல்நிலை செழிப்பு, அயல் மீன் ஊடுருவல் மக்கள் ஒத்துழைப்புடன் முற்றிலும் முறியடிக்கப்பட்டது. மிகச் சிறப்பாகப் பாதுகாக்கப்பட்ட ஆறு என்று ஒரு கேடயம்கூட வந்தது. அதைப் படித்துறையில், ராணியும் மற்ற மீன்களும் வாய் பிளந்து காத்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே மாட்டினார்கள்.

கருவாட்டில் நல்லதாகப் பொறுக்கி ஒரு பொட்டலம் கட்டி, மேலேயிருந்து குஞ்சுகள் வந்த கதையையும் எழுதி வைத்து, சமவெளியில் ஓர் அடுக்குமாடியின் நடுத்தளத்தில் குடிவைக்கப்பட்டிருந்த அமலோற்பவத்துக்குப் பிரகாசி அனுப்பிவைத்தாள். போய்ச் சேர்ந்ததா என்று கேட்காமல் இருப்பாளா? சுவர்த்திரையில் கூப்பிட்டாள்.

“பொட்டலம் வந்துட்டா மதினி?”

“வந்துட்டு பிரகாசி. கத்திரிக்கா போட்டுப் புளிக்குழம்பு வச்சேன். நெசமான மீனு நாக்குல பட்டு எத்தன வருஷமாச்சி! சட்டிய வழிச்சித் தின்னேன்.” அமலோற்பவத்தின் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஆனால் குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. “எம்மீன் வந்துச்சா?”

பிரகாசி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “இந்த வருஷமும் வரல மதினி.”

“பரவால்ல” என்றாள் அமலோற்பவம். “இம்புட்டுக் குஞ்சு பொழச்சி வந்திருக்குன்னா, மேல தண்ணி நல்லாருக்குன்னுதான அர்த்தம்? அதுவும் எங்கயோ நல்லாத்தான் இருக்கும். அதுக்கும் நாலு குட்டி இருக்குமோ என்னவோ.” திரையில் அவள் முகம் பல மாதங்களுக்குப் பிறகு லேசாக மலர்ந்தது. “இன்னுங் கொஞ்சம் கெடச்சா அனுப்பி வையேன்.”

“இனி ஏது மதினி?” என்றாள் பிரகாசி, பெருமை தாங்காமல். “ஒண்ணு விடாம அள்ளிட்டோம்ல!”