டீச்சரின் அக்கா

நாச்சாளுக்கு ஒரு பழக்கம். யாருக்காவது கஷ்டம் என்றால், யோசிக்கும் முன்பே கால் ஓடிவிடும். அம்மா விஜயா அவளுக்கு வைத்த பெயர் அவசரக் குடுக்கை.

யாங்கூனில் அவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில் மெரிவிக் டீச்சர் தனியாக இருந்தார். பிலிப்பைன்ஸ்காரர். நாச்சாளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருபவர். ஊரில் அவருடைய அக்கா இறந்துவிட்டார். டீச்சருக்கு விமானச் சீட்டு கிடைப்பதற்குள் அங்கே அடக்கமே முடிந்துவிட்டது.

சேதி கேட்டதிலிருந்து டீச்சர் அழவில்லை, சாப்பிடவும் இல்லை. காலையில் அம்மா கொடுத்தனுப்பிய மொஹிங்கா, மீன்குழம்பும் நூடுல்ஸுமாகக் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. நாச்சாளுக்குப் பயமாக இருந்தது.

அவங்க ஊர்க்காரங்க வந்து பேசினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். பள்ளிக்கூடத்துக்கு ஓடி, ரோவெனா டீச்சரைக் கூட்டி வந்தாள். அவரும் பிலிப்பைன்ஸ்காரர்தானே!

ரோவெனா டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னார், ஆறுதல் சொன்னார். அவர் போன பிறகும் மெரிவிக் டீச்சரின் முகம் மாறவில்லை.

"ஏன் டீச்சர்?" என்றாள் நாச்சாள்.

"ரோவெனா நல்லவங்க. ஆனா அவங்க பேசுறது தகலோக். எங்க வீட்டு பாஷை இலோகானோ. எங்க ஊர்ல யாராவது இறந்துட்டா, அவங்க கதையைச் சொல்லிச் சொல்லி ராகத்தோட அழுவோம். அது எனக்கு இலோகானோவுலதான் வரும். இங்க கேட்க யார் இருக்கா?"

நாச்சாளுக்கு வெட்கமாகப் போயிற்று. பர்மாவில் இருந்துகொண்டு வீட்டில் தமிழ் பேசுகிறவளுக்கு இதுகூடத் தோன்றவில்லையே!

மாமா இறந்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. அம்மா சந்தையில் பேரம் பேசுவது பர்மிய மொழியில். அக்கம்பக்கத்தாரோடு பேசுவதும் அதில்தான். ஒப்பாரி மட்டும் தமிழில் வந்தது. பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண் டோ கின் ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்கூடப் புரியாது. இருந்தும் கூடவே அழுதார்.

நாச்சாள் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளைச் சுற்றிக் கை போட்டாள். சின்னக் கை, பாதி முதுகு வரைதான் எட்டியது.

"சொல்லுங்க டீச்சர். எனக்குப் புரியாது. ஆனா நான் இருக்கேன்."

 "மனாங்..." என்று டீச்சர் மெல்ல இழுத்தார். அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார். அடுத்த வரியில் குரல் உடைந்தது. அதற்கடுத்த வரியில் அழுகை பொங்கியது.

நாச்சாளைச் சாப்பிடக் கூப்பிட வந்த அம்மா வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, டீச்சரின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தார்.

பாட்டு ஓய்ந்தபோது மூவரின் கண்ணும் சிவந்திருந்தது.

"புரிஞ்சுதா?" என்றார் டீச்சர்.

"இல்ல. ஆனா எங்க பெரியம்மா போயிட்ட மாதிரி இருக்கு."

டீச்சர் அவள் தலையைத் தடவினார். பிறகு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஆறிப்போச்சே, சூடு பண்ணித் தர்றேன்" என்றார் அம்மா.

"வேண்டாம்" என்று சொல்லி டீச்சர் ஒரு வாய் சாப்பிட்டார். "சாப்பாட்டை ஆறவிட்டதுக்கு எங்க அக்கா இருந்தா திட்டியிருப்பாங்க."