கடைசியாகச் சேமித்தவர்

மலைமேல் வளப்பூர் நாட்டு நிறுத்தத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அப்ஸானா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில்தான் தங்கை ஹுமா விஷக்காய்ச்சலோடு கிடந்தாள்.

"இப்பத் தேவலைங்க அக்கா. கஞ்சி கேட்டுச்சு," என்றாள் வாசலில் நின்ற நர்ஸ் சுமித்ரா.

நெஞ்சு கொஞ்சம் ஆறியது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோடு வாங்கிப்போட்ட கம்ப்யூட்டரைப் போட்டு, நோயாளிகள் ஃபைலைத் திறந்தாள். ஹுமாவின் பெயருக்கு நேரே 'மரணம்' என்றிருந்தது.

எந்தக் கட்டையில போறவன் அடிச்சது! திட்டிக்கொண்டே 'சிகிச்சையில்' என்று மாற்றிச் சேமித்தாள். கண் இமைப்பதற்குள் மறுபடி 'மரணம்'.

வேறு யாரோ அதே ஃபைலைத் திறந்திருக்கிறார்கள். இரண்டு பேர் திறந்தால் கடைசியாகச் சேமித்தவர் எழுத்துதான் நிற்கும். ஆனால் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பது பழைய வார்டில். மழையில் நனைந்து கெட்டது, அறையையே பூட்டிவிட்டார்கள்.

அந்த அறைக்குள் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, நாடி எறங்குதுங்க!" வார்டிலிருந்து சுமித்ரா கத்தினாள்.

அப்ஸானா மாற்றினாள். சேமித்தாள்.

"வந்துருச்சுங்க... அய்யோ, மறுபடி எறங்குதுங்க!"

இரண்டு கம்ப்யூட்டரையும் இணைத்த கேபிளைப் பிடுங்கி எறிந்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

பூட்டிய கதவின் அடியிலிருந்து ஈரச்சுவர் வாடை வந்தது. அப்ஸானாவுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது. என் தங்கச்சியைக் கேட்க நீ யார்? 'சிகிச்சையில்' என்று எழுதி, வேறெவரும் தொட முடியாதபடி ஃபைலைப் பூட்டினாள்.

சத்தம் நின்றது.

சுமித்ரா வந்து கதவோரம் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா... மூச்சை உள்ள இழுத்துச்சுங்க. வெளிய விடவே மாட்டேங்குது. கண்ணு மட்டும் உங்களைத் தேடுது."

பூட்டிவிட்டால் எவரும் எழுத முடியாது. எதுவும் மாறாது. மூச்சும்தான்.

பூட்டை எடுத்தாக வேண்டும். எடுத்த நொடியே ஃபைலைத் திரும்பப் பிடித்துவிடலாம். வேகமாகத் தட்டுவதில் அவளை மிஞ்ச இந்த மலையில் ஆள் கிடையாது. பிஸ்மில்லா சொல்லிப் பூட்டை எடுத்தாள். எடுத்த விரலாலேயே திறந்தாள்.

வேறொருவர் முந்தித் திறந்திருப்பதாகவும், இனி படிக்க மட்டுமே முடியும் என்றும் திரை சொன்னது.

வார்டில் ஹுமா மூச்சை விட்டாள்.

அடுத்த மூச்சுக்காக அப்ஸானா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பூட்டிய அறையில்தான் சத்தம் கேட்டது. அங்கே யாருக்கும் அவசரமில்லை. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக.