அம்மாவின் அளவு

ஆர்க்கிடெக்ட் கண்ணை மூடிக்கொண்டு சரிவில் நின்றார். இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்று அப்பா கேட்டார்.

"உஷ். நிலம் என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கிட்டிருக்கேன்."

நிலம் என்ன சொன்னதோ தெரியாது. அங்கிருந்த எறும்புகள் தாங்கள் சொல்ல வேண்டியதை அவர் காலில் சொல்லிவிட்டன. அவர் ஒரு காலைத் தூக்கினார், மறு காலைத் தூக்கினார், கடைசியில் கண்ணைத் திறந்தார்.

"கேட்டாச்சு," என்றார், கணுக்காலைச் சொறிந்தபடி.

கடுகுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா சிரிக்கவில்லை. முன்பென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

கடுகு என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். பத்து வயதுக்கு அவள் கொஞ்சம் குள்ளம். பேச்சு மட்டும் சுருக்கென்று இருக்கும்.

வீடு கட்ட இந்த இடத்தைத் தேடிப் பிடித்தது அம்மா. ஊர் முடிகிற இடத்தில், பின்னால் ஒரு மலை, முன்னால் இறங்கிப் போகும் புல் சரிவு. ஆர்க்கிடெக்ட்டிடம் அம்மா ஒரே ஒரு முறை போனில் பேசியிருந்தார். "இங்க ஒரு வீடு வந்திருக்குன்னு மலைக்குத் தெரியவே கூடாதுங்க," என்று சொன்னார். அதற்குப் பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

இது ஆர்க்கிடெக்ட்டுக்குத் தெரியாது. அப்பா சொல்லவில்லை.

ஆர்க்கிடெக்ட்டுக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. சரிவை வெட்டிச் சமப்படுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வீடு சரிவோடு சேர்ந்து படிப்படியாக இறங்கும். கூரை தாழ்வாக இருக்கும், அதன் மேல் புல் வளரும். நடுவில் கிடக்கும் பெரிய பாறையை உடைக்காமல் சுவர் அதைச் சுற்றி வளைந்து போகும்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் வசிக்கப் போகிற எல்லோரையும் தையற்காரர் மாதிரி டேப் வைத்து அளப்பார். "அளவெடுக்காம யாராவது சட்டை தைப்பாங்களா? வீடுன்னா மட்டும் என்ன இளப்பம்?" என்பார். கடுகின் கை எட்டும் உயரத்துக்குப் புத்தக அலமாரி. அப்பா கால் நீட்டும் நீளத்துக்குச் சாய்வு இருக்கை. பூனையையும் அளந்தார். பூனைக்கு அது பிடிக்கவில்லை. அவர் மணிக்கட்டில் இன்னும் கீறல் இருக்கிறது.

அம்மாவின் அளவு மட்டும் பாக்கி. அது கிடைக்காததால் சமையல்மேடை முடிவாகவில்லை. மேடைக்கு மேலே மலையைப் பார்க்கும் ஜன்னலும் முடிவாகவில்லை. போனில் அம்மா சொன்ன உயரத்துக்கு ஆர்க்கிடெக்ட் பென்சிலில் ஓர் உத்தேசக் கோடு மட்டும் போட்டு வைத்திருந்தார்.

"மேடம் இன்னைக்கும் வரலையா?"

"கொஞ்சம் வேலைங்க," என்றார் அப்பா. போன தடவை வெளியூர். அதற்கு முந்தின தடவை தலைவலி.

ஆர்க்கிடெக்ட்டின் முகம் சுருங்கியது. "எனக்குப் புரியுது சார். அவங்களுக்கு என் டிசைன் பிடிக்கலை. அதை நேராவே சொல்லிடலாமே."

"ஐயையோ, அவளுக்குப் பிடிக்கும்ங்க."

"அப்போ ஒரு தடவை வந்து இங்க நிக்கட்டும். இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்குங்க. அளவெடுக்காம நான் எந்தக் கோட்டையும் முடிவு பண்றதில்லை."

அப்பா,  தண்ணீர் பாட்டிலை எடுத்து வருகிறேன் என்று காரை நோக்கி நடந்தார். பாட்டில் அவர் கையில்தான் இருந்தது.

நிலம் பேசுவதையே கேட்கத் தெரிந்தவருக்கு, அப்பா சொல்லாமல் விட்டது மட்டும் கேட்கவில்லை.

அப்பா ஏன் சொல்லவில்லை என்று கடுகுக்குத் தெரியும். இந்த வரைபடத்தில் மட்டும்தான் அம்மா இன்னும் சமைத்துக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டால் இங்கிருந்தும் போய்விடுவார். சொல்லாவிட்டால், அம்மா ஆசைப்பட்ட வீடே வராமல் போய்விடும்.

"அங்கிள்."

"அங்கிள் இல்ல, ஆர்க்கிடெக்ட்."

"சரி, ஆர்க்கிடெக்ட் அங்கிள். அம்மாவுக்கு உங்க டிசைன் பிடிக்காம இல்லை. அம்மா இறந்துட்டாங்க. மூணு மாசம் ஆச்சு."

டேப் அவர் கையில் சர்ரென்று சுருண்டு உள்ளே போனது.

"அப்பா பொய் சொல்றவர் இல்லை. அந்த வார்த்தை அவருக்கு வாயில வரமாட்டேங்குது. அவரைத் திட்டாதீங்க."

ஆர்க்கிடெக்ட் பாறையின் மேல் உட்கார்ந்தார். "தலைவலின்னதுக்கு நான் கஷாயம் வேற சொல்லிக் குடுத்தேனே," என்றார் மெதுவாக. எறும்பு கடித்தது. அவர் சொறியவில்லை.

பிறகு நிமிர்ந்து, "அந்தச் சமையலறையை எடுத்துடட்டுமா?" என்று கேட்டார்.

"எடுத்துட்டா நாங்க பட்டினிதான். இப்போ அப்பாதான் சமைக்கிறாரு. வாயில வைக்க முடியாது. இருந்தாலும் அவர்தான் சமைக்கிறாரு. அவரை அளந்துக்குங்க."

அப்பா திரும்பி வந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார்.

"சொல்லிட்டியா கண்ணு?"

"சொல்லிட்டேன்ப்பா."

அப்பா மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அவ என்னைவிட நாலு விரல் உயரம்," என்றார். "கல்யாண போட்டோவுல நான் செங்கல் மேல நின்னேன்."

மூன்று மாதத்தில் அம்மாவைப் பற்றி அப்பா சாக்குப்போக்கு இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆர்க்கிடெக்ட் ஆறுதல் சொல்ல ஆரம்பிக்கவில்லை. டேப்பை எடுத்தார். "சார், வெங்காயம் நறுக்குற மாதிரி நில்லுங்க."

அப்பா நின்றார். கத்தியும் இல்லை, வெங்காயமும் இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. யாரும் துடைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கடுகு டேப்பின் கீழ்முனையை மண்ணில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஆர்க்கிடெக்ட் வரைபடத்தில் அந்தப் பென்சில் கோட்டை அழித்தார்.  புதுக் கோடு நாலு விரல் கீழே வந்தது.

"ஜன்னல் இங்க ஆரம்பிக்கும்," என்று அவர் கையைக் காற்றில் குறுக்காக நீட்டினார்.

கடுகு அந்தக் கைக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள். நுனிக்காலில் எம்பினாள். கைக்கு மேலே மலை முழுசாகத் தெரிந்தது.

"போதும்," என்றாள். "எனக்கும் எட்டுது."