பின்சீட்டு மைக்

கார் பெருமாட்டியில் யோகப்பிரியா வீட்டுத் தென்னந்தோப்பு நிழலில் நின்றது. எஞ்சின் ஓடவில்லை. ஆடிக்காற்றுகூட அன்றைக்கு அடங்கியிருந்தது, ஓலை அசையவில்லை. ஆனாலும் பாட்டு செட்டில் சத்தத்தின் எண் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்கு ஏறியது.

யோகப்பிரியா துடைக்கும் துணியோடு முன்சீட்டில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்தாள். நாளைக்கு வண்டியை வாங்க வருகிறார்கள். துடைக்க வந்தவள், பாப்பாவின் பாட்டைக் கடைசியாக ஒருதரம் கேட்கலாமென்று போட்டிருந்தாள்.

ரோட்டு இரைச்சல் கூடினால் செட் தானே சத்தத்தைக் கூட்டும், அடங்கினால் குறைக்கும். இரைச்சலைக் கேட்கும் மைக்கை அவள் புருஷன் பூபதிராஜா பின்சீட்டில், பாப்பாவின் காலடியில் பொருத்திவிட்டான். பாப்பா கத்துவாள், பாட்டு ஏறும். வாயைப் பொத்திக்கொள்வாள், இறங்கும். "அம்மா, பாட்டு எனக்குப் பயப்படுது!"

பதினான்கு.

பின்சீட்டில் யாருமில்லை. நிழலில் நின்ற வண்டிக்குள் வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசனை.

அது பங்குனி மத்தியானம். வில்லேஜ் ஆபீசில் ஒரு கையெழுத்து. ஐந்து நிமிஷம் என்றுதான் போனாள். தூங்கும் பிள்ளை விழிக்கக்கூடாதென்று சாவியை வண்டியிலேயே விட்டுப் பாட்டை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, மாற்றுச் சாவியால் பூட்டினாள். ஒன்றரை மணி நேரமாயிற்று. "பாட்டுச் சத்தந்தானுங்க கேட்டுச்சு," என்றாள் எதிர் டீக்கடை வேலுத்தாய். "உள்ள பெரியவங்க இருக்கறாங்கன்னு நெனச்சுட்டனுங்க." டாக்டர், "தூக்கத்திலேயே போயிருக்கும்மா," என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான்கு மாதமாக அவள் சோறு தின்கிறாள்.

இருபத்திரண்டு.

பாட்டுக்கு அடியில் ஏதாவது கேட்கிறதா? இல்லை. செட்டுக்குக் கேட்கிறது. அவளுக்குக் கேட்கவில்லை. அன்றைக்கும் யாருக்கும் கேட்கவில்லை.

முப்பது. கண்ணாடி அதிர்ந்தது.

"கண்ணு, அம்மா இங்கதான் இருக்கறேன்!" பின்சீட்டைத் தடவினாள். சூடு. வெறும் சூடு. செட்டை அணைக்கக் கை போனது. அணைத்தால் மறுபடியும் தனியே விட்டுப் போனதாகிவிடும். கை நின்றது. கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே பூபதிராஜா, மண்வெட்டியோடு. நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவன் முகம் தெளிந்திருந்தது. வாயசைவில் தெரிந்தது: "பாட்டுக் கேக்கறயா? கேளு, கேளு." திரும்பிப் போய்விட்டான்.

நாற்பது. அதற்கு மேல் செட்டில் எண் இல்லை.

எவ்வளவு நேரம் நாற்பதிலேயே நின்றது!

பிறகு முப்பத்தாறு. முப்பத்தொன்று.

"வேண்டாங்கண்ணு. கத்து. இன்னும் கத்து, சாமி."

இருபது.

பதிமூன்று.

ஒன்பது.

பாட்டு மெதுவாக, யாரையும் எழுப்பிவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது.